இரண்டு காப்புகளுக்கு இடையே: தலைப்பேற்றின் ஆயத்தப் பொருள்கள் – ஒரு வரலாற்று நோக்கு

காப்பு என்னும் சொல் தமிழ்ப் பெண்ணின் முதல் தாய்மையோடு இருமுறை தொடர்புறுகின்றது. சூலுற்ற ஏழாம் திங்களிலோ ஒன்பதாம் திங்களிலோ அவள் கைகளில் அடுக்கப்பெறும் வளையல்களால் நிகழ்வது வளைகாப்பு. மகவு பிறந்த இரண்டாம் திங்கள் என்றும் மூன்றாம் திங்கள் என்றும் வேறுபட உரைக்கப்பெறும் காலத்தில், அம்மகவைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிப் பாடுவது பிள்ளைத்தமிழின் காப்புப் பருவம். இவ்விரு காப்புகளுக்கும் இடைப்பட்ட சில திங்களே ஒரு பெண்ணின் வாழ்நாளில் மிகுந்த இடர் செறிந்த காலம். அவள் பிழைப்பதும் பிழையாமையும், மகவு தங்குவதும் தங்காமையும் அக்காலத்திலேயே முடிவாயின. பிள்ளைத்தமிழ் பாடிய பெரும்புலவர்கள் செங்கீரை ஆடும் குழவியையும், சப்பாணி கொட்டும் குழவியையும், நிலவை அழைக்கும் குழவியையும் கண்டனர். பிறந்த முதல் திங்களின் குழவியையோ, அதனை ஈன்று கிடந்தவளையோ அவ்விலக்கிய வகை தன் பருவங்களுள் ஒன்றாகக் கொள்ளவில்லை.

பாட்டு விட்டுச்சென்ற அவ்விடத்தைப் பொருள்கள் நிரப்பின. துவைத்துத் துவைத்து மென்மையேறிய வேட்டித்துணி, வெந்நீர் அண்டா, மஞ்சள், வசம்பு, சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய், உத்தரத்தில் கட்டிய தூளிச் சேலை ஆகிய எளிய பொருள்களின் வரலாறு, அவற்றை ஆயத்தம் செய்த கைகளின் வரலாறுமாகும். அக்கைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன.

சங்கப் பாடல்களில் இவ்வாயத்தத்தை மேற்கொள்ளும் முதற்கை ஒரு குருவியினுடையது. அதுவும் ஆண் குருவியினுடையது. குறுந்தொகையின் 85ஆம் பாடலில், சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனில் அமைக்கும்பொருட்டு ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கின்றது. 'ஈனில்' என்னும் அச்சொல் ஈனுதற்குரிய இல் என்று விரியும். பிரசவ அறை, மகப்பேற்றுக் கூடம் என்றெல்லாம் பிற்காலத்தில் பெயர் தேடியோர் இவ்விரண்டு அசைச் சொல்லை மறந்தது ஏனோ தெரியவில்லை. மணமற்ற பூவைச் சேவல் தேர்ந்ததில் புலவரின் கூர்த்த நோக்கு புலனாகின்றது. அழகுக்காக அன்றி மென்மைக்காகவே அப்பூ கொள்ளப்பட்டது. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனின் ஊரை அடையாளங் காட்டும் இடத்தில் தோழி இக்காட்சியை வைக்கின்றாள் என்பதும் கருதத்தக்கது. அவ்வூர்க் குருவிக்கு இருந்த பொறுப்பு அவ்வூர்த் தலைவனுக்கு இல்லை என்னும் குத்தல் அதனுள் மறைந்து கிடக்கின்றது.

முதற்சூலுக்குச் சங்கத் தமிழ் இட்ட பெயர் கடுஞ்சூல். கச்சிப்பேட்டு நன்னாகையார், குறுந்தொகையின் 287ஆம் பாடலில், நீர் நிறைந்து மலைநோக்கி ஏறும் முகிலுக்குக் கடுஞ்சூல் மகளிரை உவமையாக்கினார். அடியெடுத்து வைக்க இயலாத தளர்ச்சியும் பசும்புளிப்பின்மேல் எழும் வேட்கையும் அவ்வுவமையில் உள்ளன. பெண்பாற் புலவர் ஒருவரின் கண் அது. மதுரைக்காஞ்சியில் வரும் இரவுக் காட்சியிலோ, விளக்கும் படையலும் முன்செல்ல, யாழும் முழவும் ஒலிக்க, கடுஞ்சூல் மகளிர்பொருட்டு வழிபாடு நிகழ்கின்றது. அதே பகுதியில், மகவை ஈன்று புனிறு தீர்ந்த மகளிர் சுற்றத்தோடு குளநீராடுகின்றனர். முதல் கருவைச் சுமப்பவளின் அச்சமும் பெற்று எழுந்தவளின் ஆறுதலும் ஒரே நகரில், ஒரே இரவில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. 'கடு' என்னும் அடைமொழியைத் தேர்ந்த சமுதாயம் முதற்பேற்றின் இடரை மறைக்கவில்லை, பெயரிலேயே அறிவித்தது.

புனிறு என்பதும் இவண் நினைத்தற்குரிய சொல். ஈன்றணிமை என்று தொல்காப்பியர் அதற்குப் பொருள் உரைத்தார். ஈன்ற பெண்ணுக்கும், கன்று ஈன்ற ஆவுக்கும், அப்பொழுதின் மணத்திற்கும் அச்சொல் உரியதாயிற்று. பிற்காலத்தில் அவ்விடத்தில் 'தீட்டு' என்னும் சொல் வந்தமர்ந்தது. ஈழத் தமிழர் அதனைத் துடக்கு என்பர். புனிறு ஒரு நிலையைக் குறித்தது. தீட்டு ஒரு விலக்கைக் குறித்தது. இம்மாற்றத்தால் பெண்ணுக்கு நேர்ந்த இழப்பு பின்னர் விளங்கும். 

சங்ககால மனையொன்றில் பேற்றுக்கென எவையெவை ஆயத்தமாயிருந்தன என்பதை நற்றிணையின் 40ஆம் பாடல் ஏறத்தாழ ஒரு பட்டியலாகவே தருகின்றது. காவல் மிக்க மனையில் நீண்ட நாவையுடைய மணி ஒலிக்கின்றது. முற்றத்துப் பந்தரில் மணல் பரப்பப்பட்டுள்ளது. பாணர் காவல் நிற்கின்றனர். மகளிர் சிலர் நற்சொல் கேட்கும் பொருட்டு விரிச்சி நிற்கின்றனர். மணங்கமழ விரித்த மெல்லிய துணிப்படுக்கையில் செவிலியோடு மகன் உறங்குகின்றான். ஐயவி அணிந்து, நெய்யாடிய ஈரம் உலராமல், தாய் இமைபொருந்தக் கிடக்கின்றாள். மணி, மணல், மெல்லணை, ஐயவியாகிய வெண்சிறுகடுகு, நெய் என்று ஐந்து பொருள்கள். செவிலி, பாணர், விரிச்சி மகளிர் என்று மூவகை மாந்தர். இவர்கள் அனைவரும் விழித்திருக்க, பெற்றவள் உறங்கலாம். அதுவே அவ்வாயத்தத்தின் பயன். அந்நள்ளிரவில் கணவன் கள்வனைப்போல் வந்தான் என்று பாட்டு முடிகின்றது. நற்றிணையின் 370ஆம் பாடலிலும் நெய்யும் ஐயவியும் ஒளிரக் கிடக்கும் இளந்தாயைக் கணவன் காண்கின்றான். மகனை ஈன்றதால் பெயர் பெயர்ந்து முதுபெண்டு ஆகிவிட்டாயோ என்று அவன் நகையாட, அவள் முல்லை முகைபோல் முறுவலித்துக் கண்புதைக்கின்றாள். முதற்பேறு பெண்ணின் பெயரையே மாற்றிவிடுகின்றது என்பது அக்கால வழக்கு.

வெண்சிறுகடுகு மருந்தோ, பேய்விலக்கோ என்று வினவுவது பயனற்றது. அக்காலத்தார் அவ்விரண்டையும் பிரித்துக் காணவில்லை. சரக சங்கிதையின் உடற்பகுதி, சூலுற்றவள் ஒன்பதாம் திங்களில் புகுதற்குரிய தனி இல்லத்தையும் அங்கு வைக்க வேண்டிய பொருள்களையும் நீண்ட பட்டியலாக உரைக்கின்றது. நெய், எண்ணெய், தேன், உப்பு வகைகள், உரல், உலக்கை, ஊசி, நூல், கூரிய கருவிகள், கட்டில்கள், விறகு என்று அது விரிகின்றது. பேறு முடிந்தபின் கடுகு தூவுதலும், வாயிற்படியில் உலக்கையைக் குறுக்கே கிடத்துதலும் அந்நூலிலேயே உள்ளன. அப்பட்டியலின் ஈற்றில் பொருள்களோடு பொருளாக, பலமுறை மகப்பெற்ற, அன்பும் பொறுமையும் உடைய பெண்டிர் இருத்தல் வேண்டும் என்று கூறப்பட்டிருப்பதுதான் அதன் சிறப்பு. முதல்முறை பெறுபவளுக்குப் பலமுறை பெற்றவள் இன்றியமையாதவள் என்பதை வடபுலத்து மருத்துவ நூலும் தென்புலத்துச் செவிலியும் ஒருங்கே உணர்த்துகின்றனர்.

அத்தகைய பெண்டிருள் தாயே முதல்வி. தலைப்பேறு தாய்வீட்டில் என்னும் தமிழர் வழக்கம் இவ்வுணர்விலிருந்தே எழுந்தது. திருச்சிராப்பள்ளி மலையில் கோயில் கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையை எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் பாடுகின்றது. மகளின் பேற்றுக்கு உதவப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் எதிர்க்கரையில் நின்றுவிடுகின்றாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கின்றான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் வந்தவன் யாரென்று விளங்குகின்றது. இக்கதையில் இறைவன் அரக்கனைக் கொல்லவில்லை, வரமும் அருளவில்லை. வெந்நீர் வைக்கவும் குழவியைக் கழுவவும் தெரிந்த ஒருத்தியாக வந்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் மகள் தனித்துவிடுவாளே என்னும் அச்சம் எத்தனை தாயரின் நெஞ்சில் இருந்திருந்தால் இப்படியொரு கதை பிறந்திருக்கும்!

பக்தி இலக்கியத்தில் இவ்வாயத்தங்களை நேர்நின்று பாடியவர் பெரியாழ்வார். பிள்ளைத்தமிழின் ஊற்றுக்கண் என்று அவர் போற்றப்படுகின்றார். ஆயினும் பின்வந்த பிள்ளைத்தமிழ் புகாத அறையில் அவர் புகுந்தார். ஆய்ப்பாடியில் கண்ணன் பிறந்த அன்று எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றம் சேறாகின்றது. யசோதை குழவியின் கையையும் காலையும் நீட்டி நிமிர்த்து, பானை நீரால் மெல்ல ஆட்டி, பசுமஞ்சள் கொண்டு நாவழிக்கின்றாள். இச்செயல்களை ஒருமுறையேனும் அருகிருந்து காணாதவர் பாடியிருத்தல் அரிது. அவர் பாடிய தாலாட்டில் தேவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பொருள் விடுக்கின்றனர். நான்முகன் மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொற்றொட்டில் அனுப்புகின்றான். சிவன் அரைவடம் அனுப்புகின்றான். இந்திரன் கிண்கிணி அனுப்ப, குபேரன் ஐம்படைத்தாலி அனுப்புகின்றான். இறுதியாகக் கலைமானை ஊர்தியாகக் கொண்ட கொற்றவை வந்து நிற்கின்றாள். அவள் கொணர்ந்தவை மேனியில் பூசும் நறும்பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை, சிந்துரம். ஆண் தெய்வங்கள் அணிகலன்களாகவே அனுப்பியிருக்க, நாள்தோறும் தேவைப்படும் குளியற்பொடியும் மஞ்சளும் ஒரு பெண் தெய்வத்திற்குத்தான் நினைவில் வந்தன. ஆழ்வார் இதனை எண்ணியே அமைத்தாரோ, இயல்பாக அமைந்ததோ, வீட்டு நடைமுறையை அவர் நன்கறிந்திருந்தார் என்பது மட்டும் தெளிவு.

கோயில்களும் அரசுகளும் இத்துறையில் செய்தவை குறைவே. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையைப் பற்றி உரைக்கின்றது. 11ஆம் நூற்றாண்டின் அம்மருத்துவமனையில் 15 கிடைகளும், மருத்துவனும், அறுவை செய்வோனும், மருந்து கொடுக்கும் பெண்டிர் இருவரும் இருந்தனர். அது வேதம் பயில்வோர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாகலின் பேற்றுக்கு அங்கு இடமிருக்கவில்லை. தெலுங்கு நாட்டில் காகதீயர் காலத்து மல்காபுரம் கல்வெட்டுத்தான், 1261இல், பேறு பார்ப்பதற்கென்றே ஒரு சாலைக்குச் சிற்றூர் வருவாயில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றது. தென்னாட்டுக் கல்வெட்டுகளில் அது ஓர் அரிய விளக்கு. மற்ற யாண்டும் பேறு வீட்டுக்குரியது, வீட்டிலும் பெண்டிர்க்குரியது, ஆகவே கல்லில் ஏறவில்லை.

வீட்டில் நிகழ்ந்தது என்ன என்பதை நாட்டார் வழக்காறுகள் காத்து வைத்துள்ளன. கொங்கு நாட்டில் கட்டுச்சோறு கொண்டுவந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். வளைகாப்பில் கண்ணாடி வளையலுக்கு முன்னர் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வளையோசை கருவிலுள்ள மகவின் செவிக்கு இனிமை பயக்கும் என்று இக்காலத்தில் கூறப்படும் விளக்கம் இனியதே. எனினும் காப்பு என்னும் பெயரே அச்சடங்கின் கருத்தை உணர்த்தப் போதும். பேற்றுக்குப் பிந்தைய மருந்துச் சரக்குகளைக் கொங்கு நாட்டார் 'செலவு' என்பர். நெல்லைச் சீமையார் 'காயம்' என்பர். யாழ்ப்பாணத்தார் 'சரக்கு' என்பர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று உள்ளடக்கம் பெரிதும் ஒன்றே. கடற்கரை ஊர்களில் பால் சுரத்தற்குச் சுறாப்புட்டு சேரும். மகவுக்கு உரைகல்லில் இழைக்கும் சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு ஆகியவற்றுள் வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்றே பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லலாகாது என்று கருதி அதனைப் 'பேர்சொல்லா மருந்து' என்றும் வழங்கினர்.

இப்பட்டியலில் புத்தாடை இல்லை என்பது பலரும் கருதாத செய்தி. பிறக்குமுன் குழவிக்கென எதனையும் புதிதாக வாங்குதல் ஆகாது என்று விலக்கினர். பாட்டனின் வேட்டி அல்லது பாட்டியின் சேலை கிழித்து மடித்து வைக்கப்பட்டது. பழந்துணி மென்மையானது, ஈரம் உறிஞ்சுவது, பச்சிளந்தோலை உறுத்தாதது என்னும் பயன்கள் உண்மையே. அவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பிறந்த மகவு தங்குமா என்பது உறுதியற்ற காலத்தில், புத்தாடை வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் துயரை எந்த வீடும் தாங்க விரும்பவில்லை. பெயர்சூட்டும் நாள்வரை காத்திருந்தனர். ஆயத்தம் செய்ய வேண்டும், ஆனால் ஆயத்தம் செய்வதாகத் தெரியக்கூடாது என்னும் இவ்விருமனம் தமிழ்ப் பெண்டிரின் உள்ளத்தை எந்தக் காவியத்தினும் நுட்பமாகக் காட்டுகின்றது. குழவியைச் சில குடும்பங்களில் முதலில் முறத்தில் கிடத்தினர். வீட்டில் எளிதில் கிடைப்பது, கழுவத்தக்கது, பதரையும் மணியையும் பிரிப்பது.

இவையெல்லாம் அறிவின் திரட்டு என்று புகழ்ந்துவிட்டு அமைதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. தீட்டு என்னும் கருத்து பெற்றவளைக் காற்றும் ஒளியும் புகாத அறையின் மூலைக்குத் தள்ளியது. பல வீடுகளில் அவளுக்குத் தாகத்திற்கும் தண்ணீர் அளந்தே கொடுத்தனர். முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்டதென்று பீய்ச்சி எறிந்துவிட்டு, சேனை என்று சர்க்கரை நீரை நாவில் தொட்டு வைத்தனர். மகவுக்கு இயற்கை அளித்த முதற்காப்பே அச்சீம்பால்தான். கொப்பூழ்க்கொடியை அறுக்கக் கையில் கிடைத்த அரிவாளோ மூங்கிற் சிம்போ பயன்பட்டது. ஏழாம் நாள் எட்டாம் நாள் குழவிகள் விறைத்து மாண்டதற்குப் பேயைக் காரணமாக்கினர். அது பெரும்பாலும் அக்கருவியில் ஒட்டியிருந்த இசிவு நோய். தாய்க்கும் சேய்க்கும் பேற்றின்வழி வரும் அந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல்தான் அறிவிக்கப்பட்டது. பொருள்களின் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாதது ஒன்றுண்டு. அது பெறுபவளின் வயது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கடுஞ்சூலுற்ற சிறுமியருக்கு எத்தனை சரக்கு அரைத்தும் பயனென்ன? சாரதா சட்டம் 1929இல் பெண்ணின் மணவயதைப் பதினான்காகவேனும் உயர்த்தியது. சட்டப்படி அது பதினெட்டானது 1978இல்.

மருத்துவச்சியின் நிலையும் இங்குக் கூறத்தக்கது. பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்ணாகிய அவளே ஊரின் எல்லாக் குழவிகளையும் முதலில் ஏந்தியவள். படிநெல்லும் ஒரு சேலையும் அவள் கூலி. புறங்கடையில் நிறுத்தப்பட்டவளின் கையில்தான் உயர்குலத்து மகவு முதல்மூச்சு விட்டது. அவளது அறிவைப் போற்றிய பாட்டு என்று ஒன்றையேனும் சுட்டுவது அரிது.

சென்னையில் பேறு பார்ப்பதற்கென்று ஒரு மருத்துவமனை 1844இல் தோன்றியது. எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையாகப் பின்னர் வளர்ந்தது அதுவே. 1882இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. அது தோன்றிய சில ஆண்டுகளில், 1847இல், வியன்னா நகரில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், பேற்றுக்காய்ச்சலால் தாயர் மாளுதற்கு மருத்துவரின் கழுவாத கைகளே காரணம் என்று கண்டறிந்தார். பிரசவ சன்னி என்று தமிழர் அஞ்சியதும் அதுவே. அக்காய்ச்சலைத் தடுக்க வேண்டிய பொருள், கைகழுவும் நீர்மம் மட்டுமே. அதனை ஐரோப்பிய மருத்துவ உலகமே ஏற்கத் தயங்கியது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்று அவரால் தமிழாக்கம் பெற்று 1857இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற ஆண்டு அது. மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்று பின்னர்ப் பல தலைமுறைகள் வாதிட்டன. கருப்பையும் கொப்பூழ்க்கொடியும் அன்றே தமிழ் அச்சில் ஏறியிருந்தன. பெண்ணின் உடலைப் பற்றிய நூலே இத்துறையில் முன்னோடி நூல்களுள் ஒன்றாக அமைந்தது தமிழ் உரைநடை வரலாற்றில் அழுத்தமாகப் பதிவுபெற வேண்டிய செய்தி.

மருத்துவமனை இருந்தும் பெண்கள் அங்குச் செல்லவில்லை. சாதி விலக்கும் கோஷா முறையும் ஆண் மருத்துவரிடம் கொண்ட கூச்சமும் தடுத்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து பயின்ற மேரி சார்லீபு என்னும் ஆங்கிலப் பெண்மணி, இத்தடையை நேரில் கண்டவர். அவர் முயற்சியால் 1885இல் சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் என்று தனி மருத்துவமனை சென்னையில் எழுந்தது. திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் வழிவந்ததே. சாதிப் பெயரைத் தாங்கிய வாயில் வழியாகத்தான் பெண்கள் உள்ளே வந்தார்கள் என்பது கசப்பான உண்மை. வந்தார்கள் என்பதும் உண்மை. மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரை, ஏழைத் தாயர்க்கான தமிழக அரசின் மகப்பேற்று உதவித் திட்டம் பின்னாளில் ஏற்றது பொருத்தமே. அவ்வுதவித்தொகை 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இவ்வுதவியின் தேவையை உணர வேண்டுமாயின் தாய்வீட்டின் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். தலைப்பேற்றுக்கு மகளை அழைத்துவரும் பெற்றோர் வளைகாப்புச் செலவு, பேற்றுச் செலவு, பேரக்குழந்தைக்கு அரைஞாண், காப்பு, கொலுசு, தொட்டில் என்று சீரடுக்க வேண்டும். மாமன்மார் பொற்றொட்டிலும் வெள்ளிச் சங்கும் கொண்டு வருவதாகத் தாலாட்டுகள் பாடின. பாடிய வீடுகளில் பலவற்றில் தூளி பழஞ்சேலையே. சங்கு கடனுக்கு வாங்கியதே. மகளுக்கு ஓய்வளிக்க எழுந்த வழக்கம், மகளைப் பெற்றதற்கான தண்டமாக மாறிய கதை இது. பிறப்பது பெண்ணாயின் அத்தண்டம் அடுத்த தலைமுறைக்கும் தொடரும் என்னும் அச்சம் உசிலம்பட்டி, சேலம், தருமபுரி வட்டாரங்களில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நாடறிந்தது. பாலாடையில் பால் மட்டும் ஊற்றப்படவில்லை; வாயில் இட்ட நெல்மணி வாழ்த்துக்காக இடப்படவில்லை. பேற்றுக்கென ஆயத்தம் செய்த அதே பொருள்கள், அதே கைகள். தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது தருமபுரி, மதுரை, தேனி முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. நான்முகன் அனுப்பியதாக ஆழ்வார் பாடிய தொட்டில், வேண்டாத பெண்மகவை விட்டுச்செல்லும் இடமாக அரசு வாயிலில் வைக்கப்பட்டது. பெண்குழந்தைக்கென்றே பாவேந்தர் தனித் தாலாட்டு இயற்றிய மொழி வழங்கும் மண்ணில் இது நேர்ந்தது.

ஆயத்தப் பொருள்களை வீடு தருவதினின்றும் நாடு தருவதாக மாற்றிய முன்னோடி பின்லாந்து. அங்கு 1938 முதல் ஏழைத் தாயர்க்கும், 1949 முதல் எல்லாத் தாயர்க்கும் குழவியின் உடைகளும் விரிப்பும் அடங்கிய அட்டைப்பெட்டி வழங்கப்பட்டது. சூலுற்ற தொடக்கத் திங்களிலேயே மருத்துவச் சோதனைக்கு வரவேண்டும் என்பது அதனைப் பெறுவதற்குரிய விதி. ஆகவே பெட்டியின் உண்மைப் பயன் அதனுள் இருந்த துணி மட்டுமன்று. அது பெண்ணை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. வெறுமையான பெட்டியிலேயே குழவியை உறங்க வைத்தனர். தமிழ்நாட்டின் முறத்துக்கும் பின்லாந்தின் அட்டைப்பெட்டிக்கும் உறவில்லை. எளியோரின் முதற்படுக்கை எங்கும் கைக்கெட்டிய பொருளே என்னும் ஒப்புமை உண்டு.

தமிழகத்தில் 2015இல் அரசு மருத்துவமனைகளில் மகப்பெற்ற தாயர்க்கு 16 பொருள்கள் கொண்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை என்று பெரும்பாலானவை மகவுக்கு உரியவை. தாய்க்கென்று வந்தவை குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். சுண்டி என்பது சுக்கேயாகும். கொங்கு நாட்டுச் செலவிலும் யாழ்ப்பாணத்துச் சரக்கிலும் இருந்த அதே சுக்கு, நூறு கிராம் அளவில் புட்டியில் அடைபட்டு, அரசு முத்திரையோடு திரும்பி வந்தது. அதன் அருகிலேயே 250 மில்லி லிட்டர் கைகழுவும் நீர்மம் இருந்தது. பாட்டியின் அஞ்சறைப்பெட்டியும் செம்மல்வைசின் ஆய்வும் ஒரே பைக்குள் அமைந்தன. வசம்பும் சேனையும் அதில் இல்லை. மருத்துவர்கள் அவற்றை விலக்கியது சரியே. ஆறு திங்கள்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பது உலகம் ஒப்பிய முடிபு. பால்மாவு நிறுவனங்களின் விளம்பரத்தை இந்தியச் சட்டம் 1992இலேயே தடுத்தது.

மருத்துவமனைப் பேறு தமிழகத்தில் ஏறத்தாழ முழுமையுற்றது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாயர் இறப்பு 2018–20 காலத்தில் 54 என்னும் அளவுக்குத் தாழ்ந்தது; அக்காலத்து இந்திய அளவு 97. கடுஞ்சூலின் கடுமை குறைந்தது. எனினும் நற்றிணைத் தலைவியைச் சூழ்ந்து விழித்திருந்த மூவகை மாந்தருக்கு ஈடாகப் பெட்டகத்தில் வைக்கத்தக்கது எதுவும் இல்லை. மருத்துவமனை விதிகள் நெடுங்காலம் உறவுப் பெண்களைப் பேற்றறைக்கு வெளியே நிறுத்தின. முதல்முறை பெறுபவளின் அருகில் அவள் விரும்பும் பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்னும் முறையைத் தமிழக அரசு மருத்துவமனைகள் பிற்பாடே கைக்கொண்டன. பலமுறை பெற்ற பெண்டிர் உடனிருத்தல் வேண்டும் என்று சரக சங்கிதை உரைத்தது மீண்டும் நடைமுறைக்கு வந்தது; தாயுமானவர் வேண்டாத நிலை சற்றே திரும்பியது.

பாவலர்களுக்கு இதில் ஒரு பணி எஞ்சியுள்ளது. ஒட்டக்கூத்தர் தொடங்கி குமரகுருபரர் வழியாக இற்றைநாள்வரை பிள்ளைத்தமிழ் பெருகியுள்ளது. அரசரும் தெய்வங்களும் தலைவர்களும் குழவிகளாகியுள்ளனர். காப்புப் பருவத்துக்கு முந்தைய முப்பது நாளும் அந்நாள்களில் கண்விழித்த பெண்களும் ஆயிரமாண்டாக ஏட்டிற்கு வெளியே நிற்கின்றனர். பத்துப் பருவங்களுக்கு முன் புனிற்றுப் பருவம் என்று ஒன்றைச் சேர்ப்பதற்குப் பாட்டியலில் தடையேதும் இல்லை. பாட்டியல்கள் தமக்குள்ளேயே திங்கள் கணக்கில் மாறுபடுகின்றன.

அரசு மகப்பேற்று மருத்துவமனைகளின் வாயிலில் விடியற்காலையில் வந்து இறங்கும் குடும்பங்களைக் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். மருத்துவச் சோதனை ஏடும் ஆதார் அட்டையும் கைப்பையில் இருக்கும். பின்னால் வரும் முதியவளின் கையில் ஒரு வயர்கூடை இருக்கும். அதில் வெந்நீருக்கு ஒரு பிளாஸ்கு. அதன் கீழே, துவைத்து நான்காக மடித்த பழைய வேட்டி.